பைக் கமரா: தண்ணீர் வயருக்குள்ளால் வந்தது

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மருதானையில் பிடித்த மழை வெள்ளவத்தை வரைக்கும் விடவில்லை. தும்முல்லைச் சந்தியில் முன் சில்லின் கால்வாசிக்குத் தண்ணீர். வீட்டுக்கு வந்து ரெயின்கோட்டைக்கூடக் கழற்றாமல் பைக் கமராவின் மெமரி கார்டை உருவி லப்டொப்பில் போட்டேன். ஐம்பத்திரண்டு நிமிட வீடியோவும் அப்படியே இருந்தது. ஒரு ஃபைல்கூட உடையவில்லை. இந்த ஐம்பத்திரண்டு நிமிடத்துக்காக நாலு மாதம் அலைந்திருக்கிறேன்.

கமரா ஏன் என்று கேட்பவர்களுக்கு: ஹெவ்லொக் வீதியில் ஒரு ஆட்டோ சிக்னலும் போடாமல் குறுக்கே திரும்பியது. என் பல்சரின் டாங்க் நெளிந்தது, ஃபுட்ரெஸ்ட் வளைந்தது, முழங்காலில் மூன்று தையல். பொலிஸ் வந்தபோது ஆட்டோக்காரர் அழகாகக் கதைத்தார். எனக்குச் சாட்சி யாரும் இல்லை. அவ்வளவுதான்.

ஆக்‌ஷன் கமரா வாங்கச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். கோப்ரோ ஹீரோ 5இலிருந்து மேலே, கேஸ் போடாமலே 10 மீற்றர் ஆழம் தாங்கும். உண்மைதான், ஆனால் கதவு மூடியிருந்தால்தான். சார்ஜ் வயர் போடுவதற்குப் பக்கத்துக் கதவைத் திறந்தால் அந்த 10 மீற்றர் கதை முடிந்தது. வயர் இல்லாமல் ஓடினால் ஒரு மணித்தியாலத்தைக் கொஞ்சம் தாண்டியதும் பற்றரி இறங்கிவிடும். எனக்குப் போக வர இரண்டு மணித்தியாலம். அதைவிட, தினமும் கையால் பட்டனை அழுத்த வேண்டும். நான் மறந்துபோன அன்றைக்குத்தான் எவனாவது வந்து இடிப்பான்.

பழைய ஃபோனைக் கட்டிப் பார்க்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. மோட்டார் சைக்கிள் அதிர்வில் ஐஃபோன் கமராவின் ஃபோகஸும் ஆட்டம் தடுக்கும் பகுதியும் கெடலாம் என்று அப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. ஒற்றை சிலிண்டர் பல்சர் எப்படி நடுங்கும் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியும். யோசனையைக் கைவிட்டேன்.

கடைசியில் முன்னுக்கு ஒரு லென்ஸ், பின்னுக்கு ஒரு லென்ஸ், சீட்டுக்குக் கீழே ரெக்கோர்டர் என்று வருகிற வகையை வாங்கினேன். சாவி போட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 31,000 ரூபா. பெட்டியில் பெரிய எழுத்தில் ஐபி67 என்று போட்டிருந்தது.

அந்த எண்ணை நம்பித்தான் மோசம் போனேன். முதல் எண் 6 என்றால் தூசு உள்ளே போகாது. இரண்டாவது எண் 7 என்றால் 1 மீற்றர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அது அசையாத தண்ணீர். ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது முகத்தில் அறைகிற மழை வேறு. பாய்ந்து அடிக்கிற தண்ணீருக்கு 5, 6 என்று தனியாகச் சோதனை உண்டு. 7 கிடைத்ததாலேயே 6உம் கிடைத்துவிட்டதாக ஆகாது. அதனால் வாங்குகிறவர்கள் 66, 67 இரண்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இது வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று, அந்த எண் லென்ஸுக்கு மட்டும்தான். லென்ஸின் பின்னால் ஒரு சாண் வயர், அதன் நுனியில் ஒரு கனெக்டர். அதற்கு எண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. ஹெட்லைட்டுக்குப் பின்னால், மழை நேராக விழுகிற இடத்தில் அதைப் பொருத்த வேண்டியிருக்கிறது.

முதல் தடவை கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். சிரிக்காதீர்கள். பத்து நாள் வெயிலில் பசை உருகி, டேப் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து தொங்கியது.

இரண்டாவது தடவை, குளியலறை ஓரத்துக்குப் பூசுகிற சிலிக்கன் பாதி டியூப் வீட்டில் கிடந்தது. நன்றாக அப்பிவிட்டேன். ஒரு சொட்டுக்கூடப் போகாது என்று தெரிந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். மூன்றாம் கிழமை படம் விட்டு விட்டு வந்தது. வெட்டிப் பார்த்தால் பின்களெல்லாம் பச்சை. பழைய செப்புக் குடத்தில் பிடிக்குமே, அதே களிம்பு. அந்தச் சிலிக்கனைப் பிதுக்கும்போது வினாகிரி மணம் வரும், கவனித்திருப்பீர்கள். காயும்போது அது அசற்றிக் அமிலத்தை விடுகிறது, அமிலம் செம்பைத் தின்கிறது. போதாததற்கு மரைன் டிரைவ் உப்புக் காற்று வேறு. மின் வேலைக்கு டியூபில் நியூட்ரல் என்று போட்டிருக்கிற சிலிக்கன்தான் சரி. அதில் வினாகிரி மணம் இருக்காது.

மூன்றாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். பச்சை பிடித்த கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று. பின்களில் சிலிக்கன் கிரீஸ், அதற்கு மேலே உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கி இறுகுகிற பிளாஸ்டிக் குழாய்), சூடாக்கும்போது இரண்டு நுனியிலும் பசை பிதுங்கி வெளியே வருகிற அளவுக்கு. வயரை இணைப்புக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டேன், தண்ணீர் வயர் வழியே ஓடி வந்தாலும் வளைவின் அடியில் சொட்டிப் போகட்டும் என்று. அப்படியும் அடுத்த பெருமழையில் கமரா நின்றது.

சீட்டைத் திறந்தேன். ரெக்கோர்டரை நான் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தேன், ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடுகிற வகை. பெட்டியின் வெளிப்பக்கம் காய்ந்திருக்கிறது, உள்ளே ஒரு தேக்கரண்டி தண்ணீர். சீட்டுக்குக் கீழே மழையே படாது. இரண்டு நாள் நித்திரை இல்லை.

பஞ்சிகாவத்தையில் எனக்குத் தெரிந்த வயரிங் பாஸிடம் காட்டினேன். வயரை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளால வந்திருக்கும்" என்றார். நான் நம்பவில்லை. ஒன்றரை மீற்றர் வயருக்குள்ளால் தண்ணீர் வருமா?

வீட்டில் செய்து பார்த்தேன். கேசரிக்கு அம்மா வைத்திருந்த சிவப்புக் கலர்பொடியை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து மேசைமேல் வைத்தேன். வயரின் முன் நுனியை அதில் அமிழ்த்தி, பின் நுனியைத் தரையில் ஒரு டிஷ்யூமேல் விட்டேன். காலையில் எழும்பிப் பார்த்தால் டிஷ்யூவில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு சிவப்பு வட்டம். வெளியுறையில் ஈரமே இல்லை. உள்ளே இருக்கிற மெல்லிய செப்பு இழைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி தண்ணீர் ஏறி, பிறகு கீழ்நோக்கி இறங்கியிருக்கிறது. ஹெட்லைட் மேலே, சீட் பெட்டி கீழே. பைக்கிலும் அதே அமைப்பு. நீட்டுவதற்காக நான் வயரை வெட்டி ஒட்டிய இடம்தான் வாசல்.

இதில் என் சாப்பாட்டுப் பெட்டிக்கும் பங்கு இருக்கிறது. வெயிலில் நிற்கும்போது உள்ளே காற்று சூடாகி விரியும், கொஞ்சம் வெளியே போகும். திடீரென்று மழை பட்டுக் குளிர்ந்தால் காற்று சுருங்கும், பெட்டி உறிஞ்சும். மூடி இறுக்கமாக இருப்பதால் வயர் வழியாகத்தான் உறிஞ்ச முடியும். பாதுகாப்புக்கு என்று வைத்த பெட்டியே தண்ணீர் இழுக்கிற பம்ப் ஆகிவிட்டது!

தீர்வு கைக்கடக்கமானதுதான். வெட்டிய இடத்தில் ஒவ்வொரு வயரிலும் ஒரு சென்ரிமீற்றர் உறையை உரித்து, இழைகளுக்குள் ஈயத்தை நன்றாக உருக்கி விட்டேன், இடைவெளியே இல்லாமல் ஒரே கம்பி ஆகும் வரை. ஈயம் மேலே பூசினாற்போல இருந்தால் போதாது, உள்ளே இறங்க வேண்டும். அதற்குச் சூட்டுக்கோலை அடியில் பிடித்து ஈயத்தை மேலிருந்து கொடுங்கள். ஆனால் உறை உருகி உள்ளே இழுபடும் முன் எடுத்துவிட வேண்டும். ஐந்து வயரில் இரண்டைக் கருக்கி, திரும்ப வெட்டி, திரும்பச் செய்தேன். பிறகு தனித்தனி ஹீட் ஷ்ரிங்க், மேலே மொத்தமாக ஒன்று. சாப்பாட்டுப் பெட்டியின் அடியில் 3 மில்லிமீற்றர் ஓட்டை, மூச்சு விட. திரும்பவும் சிவப்புத் தண்ணீர்ப் பரீட்சை: இரண்டு இரவு, டிஷ்யூ வெள்ளை. அம்மாவின் கலர்பொடி மட்டும் முடிந்துபோனது.

பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் எல்லாக் கடையிலும் இல்லை. சும்மா குழாயைத் தந்துவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு நானா மட்டும் நான் கேட்காமலே, "தம்பி, உள்ளுக்கு விரல் விட்டுப் பாருங்க, வழுவழுன்னு இருக்கா?" என்று காட்டித் தந்தார். மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார். சனிக்கிழமை போகாதீர்கள், பைக் நிறுத்த இடமே கிடைக்காது.

மற்றவை சுருக்கமாக. பைக் நிற்கும்போதும் கமரா ஓடுகிற பார்க்கிங் மோடை நிறுத்திவிட்டேன். கமரா 0.4 அம்பியர் இழுக்கிறது, என் பற்றரி 9 அம்பியர் மணித்தியாலம். ஒரு நாள் நின்றால் செத்துவிடும். அதிர்வு சென்ஸரையும் மிகக் குறைந்த அளவில் வைத்திருக்கிறேன். முதலில் குழி, வேகத்தடை எல்லாவற்றையும் விபத்து என்று எண்ணி, அழியாதபடி ஃபைலைப் பூட்டி, 64 ஜிபி கார்ட் ஐந்து நாளில் நிரம்பி ரெக்கோர்டிங்கே நின்றது. இரண்டு லென்ஸும் சேர்ந்து மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 13 ஜிபி எழுதுவதால் சாதாரண கார்ட் தாங்காது, ஹை எண்டியூரன்ஸ் வாங்க வேண்டும். நம்பர் பிளேட் பகலில் ஏழெட்டு மீற்றர் வரை தெளிவு. இரவில் முன்னால் போகும் வாகனத்தின் மஞ்சள் பிளேட் என் ஹெட்லைட்டில் வெளிறிப்போகிறது, எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் கொஞ்சம் பரவாயில்லை.

அடுத்ததாக, ஃபைலைப் பூட்டுவதற்கு ஹாண்டிலில் ஒரு பட்டன் வைக்க வேண்டும். வோல்ட் மீற்றர் ஒன்றும் வாங்கி வைத்தாயிற்று, செல்ஃப் அடிக்கும்போது பற்றரி எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க.

அதற்குள் பின் லென்ஸ் தொல்லை. அது நனையவில்லை, ஆனால் வெயிலுக்குப் பிறகு மழை பட்டால் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிகிறது. பொருத்தும்போதே கொழும்புக் காற்றின் ஈரம் உள்ளே அடைபட்டிருக்க வேண்டும். கழற்றித் திறந்து, சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா பக்கற்றுகளோடு பிஸ்கட் டின்னுக்குள் மூடி வைத்திருக்கிறேன். ஒரு கிழமைக்குப் பிறகு அலுவலக ஏசி அறையில் வைத்துத்தான் திரும்ப மூடுவேன். இப்போது பைக்கின் பின்பக்கம் இரண்டு ஓட்டையும் ஒரு வயரும்தான் மிச்சம். வயர் நுனிக்கு ஈயம் விட்டு, கீழ்நோக்கிக் கட்டியிருக்கிறேன்.