கொழுந்துக் கூடைக்குள் ரிமோட் ஐடி: பார்ட் 107 தேர்வுக்குப் படித்த அனுபவம்

பார்ட் 107 என்பது அமெரிக்காவில் தொழிலாக ட்ரோன் ஓட்டுபவர்களுக்கான விதி. அதற்கான மாதிரித் தேர்வில் நான் முதலில் கோட்டைவிட்டது எடை பற்றிய கேள்வியில். 249 கிராம் ட்ரோனை வைத்து வீட்டுக் கூரையைப் படமெடுத்துக் கூலி வாங்கினால் ரிமோட் ஐடி, அதாவது ட்ரோன் பறக்கும்போதே தன் அடையாளத்தையும் இடத்தையும் அலைபரப்பிச் சொல்லும் ஏற்பாடு, வேண்டுமா? "வேண்டாம்" என்று குறித்தேன். தப்பு. அமெரிக்காவில் 250 கிராம் வரையிலான ட்ரோனுக்குப் பதிவு தேவையில்லை என்பது பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவர்களுக்கு மட்டும்தான். தொழில் என்று வந்துவிட்டால் அது பார்ட் 107. எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும், பதிவு என்றால் ரிமோட் ஐடியும் கூடவே வரும்.

மேற்படிப்புக்கு அமெரிக்கா கிளம்புவதற்கு முன் நான்கு மாதம் கோத்தகிரி வீட்டில் இருந்தேன். சேரவிருந்த ஆய்வகத்தில் பயிர்களைப் படமெடுக்க ட்ரோன் ஓட்டுபவர்களிடம் பார்ட் 107 சான்றிதழ் கேட்டார்கள். தேர்வை அங்கே போய்த்தான் எழுத முடியும், ஆனால் படிப்பதை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். 60 கேள்வி, 2 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 விழுக்காடு, கட்டணம் 175 டாலர். தோற்றால் அந்த 175-ஐ மறுபடி கட்ட வேண்டும். நம் ஊர்க் கணக்கில் அது சின்னத் தொகை இல்லை. பாடத்துக்கோ ஒரு பைசா செலவு செய்ய வேண்டாம். எஃப்.ஏ.ஏ. எனும் அமெரிக்க விமானத்துறை நிர்வாகமே படிப்பு வழிகாட்டியையும் மாதிரி வினாக்களையும் வரைபடப் புத்தகத்தையும் இலவசமாகத் தருகிறது. காசு கட்டிச் சேரும் வகுப்பு ஒன்றில் நானும் சேர்ந்து பார்த்தேன். அதே வழிகாட்டியைத்தான் வரிக்கு வரி வாசித்துக் காட்டினார்கள்.

வான்வெளி வரைபடமும் வானிலைக் குறியீடுகளும் மனப்பாடத்தில் ஓரளவு வந்துவிடும். ரிமோட் ஐடிதான் எனக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. விதி 2021 ஜனவரியில் வெளியானது. ஓட்டுபவர்களுக்கான கெடு 2023 செப்டம்பர் 16. ட்ரோனில் ஒட்டும் அலைபரப்புப் பெட்டியான மாட்யூலுக்குத் தட்டுப்பாடு வந்ததால் 2024 மார்ச் 16 வரை நடவடிக்கையைத் தளர்த்தி வைத்தார்கள். கட்டுப்படுவதற்கு மூன்று வழி உண்டு. ரிமோட் ஐடி உள்ளேயே இருக்கும் ட்ரோனை வாங்கலாம், பழைய ட்ரோனில் தனி மாட்யூல் ஒட்டலாம், இல்லையென்றால் எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மைதான எல்லைக்குள் மட்டும் பறக்கவிடலாம். இதைப் படித்தபோது புரிந்த மாதிரிதான் இருந்தது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் தடுமாறினேன்.

சரி, ஒரு மாட்யூலைச் செய்தே பார்ப்போம் என்று ஈ.எஸ்.பி.32 எனும் சின்னக் கணினிப் பலகை, ஒரு சின்ன ஜி.பி.எஸ்., பழைய பவர் பேங்க் மூன்றையும் சேர்த்துக் கட்டினேன். ரிமோட் ஐடியை அலைபரப்பும் ஓப்பன் ட்ரோன் ஐடி மென்பொருள் இலவசம், அலைபரப்பைப் பிடிக்கும் ஆண்ட்ராய்டு செயலியும் இலவசம். ட்ரோன் எதையும் பறக்கவிடவில்லை. எல்லாவற்றையும் ஒரு கொழுந்துக் கூடையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்தேன். தங்கை திண்ணையில் போனை வைத்துக்கொண்டு, "தெரியுதுண்ணா... தெரியுது... காணோம்" என்று கத்திக்கொண்டிருந்தாள். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த அக்காமார் இரண்டு பேர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அன்று மூடுபனி. பனி அலையைத் தடுக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி ஒன்றும் ஆகவில்லை. சரிவு ஒரு மடிப்பு திரும்பியதும்தான் சிக்னல் அறுந்தது. புளூடூத்தும் வைஃபையும் மலையைத் துளைக்காது, அவ்வளவுதான். பிறகு கவனித்தேன், நான் எங்கே நடந்தாலும் போனில் ஒரு புள்ளி மட்டும் வாசலிலேயே அசையாமல் நின்றது. அது புறப்பட்ட இடம். மாட்யூல் அனுப்புவது ட்ரோனின் இடம், உயரம், வேகம், நேரம், சீரியல் நம்பர், கூடவே புறப்பட்ட இடம். உள்ளேயே ரிமோட் ஐடி உள்ள ட்ரோன்தான் ஓட்டுபவர் நிற்கும் இடத்தை அனுப்பும். எத்தனை முறை படித்தும் மாறிப்போய்க்கொண்டிருந்த இந்த வித்தியாசம் அதற்குப் பிறகு மாறவே இல்லை.

உயரமும் ஒரு பாடம் சொன்னது. வரைபடத்தில் எங்கள் வீட்டுக்கு இருக்கும் உயரத்தைவிட ஏறக்குறைய 90 மீட்டர் குறைவாகப் போனில் காட்டியது. ஜி.பி.எஸ். கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினேன். விஷயம் அதுவல்ல. விதி கேட்பது கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரம் இல்லை, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் கணித வடிவப் பூமியிலிருந்து உள்ள உயரம். இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டம் அந்த வடிவத்தைவிட 106 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது, நம் பக்கமும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் வருகிறது.

இந்தக் கூடைப் பெட்டியை அமெரிக்காவில் ட்ரோனில் ஒட்டிப் பறக்கவிடலாமா என்றால், கூடாது. விதிக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் அறிக்கை கொடுத்து, எஃப்.ஏ.ஏ. ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்கும் மாட்யூல்தான் செல்லும். ட்ரோனை நீங்களே வீட்டில் கட்டியிருந்தாலும் இதில் மாற்றமில்லை. டல்லாஸில் இருக்கும் பெரியப்பா மகன் இதில்தான் ஏமாறப் பார்த்தார். இணையத்தில் மலிவாக ஒன்று கிடைத்ததாம், பெட்டியின் மேல் அங்கீகாரம் என்று கொட்டை எழுத்து. "பட்டியல்ல அந்த மாடல் பேரைத் தேடுங்கண்ணா" என்றேன். இல்லை. அவரிடம் மூன்று பழைய ட்ரோன்கள், மூன்றும் பொழுதுபோக்குக்கு. அவருக்கு மூன்று மாட்யூல் தேவையே இல்லை. பொழுதுபோக்குப் பதிவு 5 டாலர், மூன்று வருடம் செல்லும், எல்லா ட்ரோனுக்கும் ஒரே எண். மாட்யூலின் சீரியல் நம்பரை அதில் சேர்த்துவிட்டு, ஒன்றையே கழற்றிக் கழற்றி மாட்டலாம். கடைசியில் வெல்க்ரோ வாங்கிய செலவுதான் கூடுதல் என்றார். பார்ட் 107-இல் இது இவ்வளவு சுலபமில்லை. ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனிப் பதிவு, ஒரு சீரியல் நம்பர் ஒரே நேரத்தில் இரண்டு பதிவில் இருக்கக் கூடாது. மாட்யூலை மாற்றும்போதெல்லாம் பதிவையும் மாற்ற வேண்டும். அதோடு மாட்யூலின் எடையும் ட்ரோனின் எடையில் சேரும். 240 கிராம் ட்ரோனில் 20 கிராம் ஒட்டினால், ஆட்கள் தலைக்கு மேல் பறக்க 250 கிராம் வரையிலான ட்ரோனுக்குக் கிடைக்கும் முதல் வகைச் சலுகை போய்விடும்.

போய் இறங்கிய மூன்றாவது வாரம் தேர்வு எழுதினேன், 85 விழுக்காடு. தப்பாகிப்போன ஒன்பது கேள்வியும் பெரும்பாலும் வானிலையில்தான்.

இங்கேயே ஓட்ட நினைப்பவர்களுக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தாது. நம் ட்ரோன் விதிகள் 2021-இல் இடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் அடையாள எண்ணையும் சொல்லும் கருவியை அரசு பின்னர் கட்டாயமாக்கலாம் என்று இருக்கிறது, அப்படி அறிவித்தால் குறைந்தது ஆறு மாத அவகாசமும் உண்டு. பைலட் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படிக்க வேண்டும். நீலகிரியில் எதை எடுப்பதற்கு முன்னும் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். ராணுவ இடமும் புலிகள் காப்பகமும் உள்ள மாவட்டம் இது.

தங்கைக்கு வரும் ஆனியில் 18 முடிகிறது. கூடையையும் பலகையையும் அவளிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.