கடல் கடந்து மாண்ட சிப்பாயின் பெயரைத் தேடிப் பிடிப்பது எப்படி

சென்னை மாகாணத்திலிருந்து இரண்டு உலகப் போர்களுக்கும் போய்த் திரும்பாத சிப்பாய்களில் பலர் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். கல்யாணம் ஆகாமலே போனவர்கள் அவர்களில் நிறைய. பெயர் சொல்ல நேர் வாரிசு இல்லாததால், இன்று தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அண்ணன் தம்பி வழிப் பேரப்பிள்ளைகள்தான். கையில் ஒரு பதக்கம் இருக்கும். "ஜெர்மன் சண்டையில போயிட்டாரு" அல்லது "பர்மாவுல போயிட்டாரு" என்று பாட்டி சொன்ன ஒரு வரி இருக்கும். தேடலைத் தொடங்க இது போதும். இப்படிப்பட்ட குடும்பங்களோடு உட்கார்ந்து தேடித் தேடி நாங்கள் கண்ட வழியை எழுதுகிறோம். முதலிலேயே ஒன்று: ஆளின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள், படைப்பிரிவைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள்.

தேட வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். 1917-இல் தொடங்கிய அமைப்பு இது; அப்போது அதன் பெயரில் 'காமன்வெல்த்' இல்லை, 'இம்பீரியல்' இருந்தது. இரண்டு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவு இவர்களிடம் இருக்கிறது. இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். கணக்கில் வரும் காலம் 4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரை, பிறகு 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை. சண்டை முடிந்த பிறகு காய்ச்சலிலோ விபத்திலோ இறந்தவரும் இந்தத் தேதிகளுக்குள் பணியில் இருந்திருந்தால் பட்டியலில் வருவார். "சண்டையிலயா செத்தாரு, வாந்திபேதியிலதானே" என்று வீட்டிலேயே தள்ளிவைக்கப்பட்ட பெயர்களும் அங்கே இருக்கின்றன. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) நோயில் இறந்தவர்கள் கொஞ்சமல்ல. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இறந்தவர்களும், சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களும் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்களைத் தேட வேறு வழி பார்க்க வேண்டும்.

முதலில் பதக்கம். அதைப் புளி போட்டோ பிராசோ போட்டோ தேய்க்க வேண்டாம். முதல் போர்ப் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் சின்ன எழுத்தில் பதித்திருப்பார்கள். தேய்க்கத் தேய்க்க முதலில் அழிவது அதுதான். ஏற்கெனவே தேய்ந்திருந்தால், இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படமெடுங்கள். நட்சத்திர வடிவப் பதக்கமாக இருந்தால் எழுத்து பின்புறம் இருக்கும். சுமார் 12 செ.மீ. குறுக்களவில் கனமான வெண்கல வட்டம் ஒன்று இருந்தால், அது முதல் போரில் இறந்தவர் வீட்டுக்கு அனுப்பிய நினைவுத் தகடு. அதில் பெயர் மட்டுமே இருக்கும். பதவியோ படைப்பிரிவோ இருக்காது.

இரண்டாம் போரின் நட்சத்திரங்கள் வேறு வகையில் கைகொடுக்கும். அவை எந்தக் களம் என்று சொல்லிவிடும். பர்மா ஸ்டார் என்றால் பர்மா. ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் வட ஆப்பிரிக்கப் பாலைவனமோ கிழக்கு ஆப்பிரிக்காவோ. இத்தாலி ஸ்டார் பெயரிலேயே தெரிகிறது. பசிபிக் ஸ்டாரைப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள்: மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியரோடு மோதியவர்களுக்குக் கொடுத்தது அது. பெயரோடு சேர்ந்து களமும் தெரிந்தால் தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது படைப்பிரிவின் பெயர். தேடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் முட்டி நின்றுவிடுகிறார்கள். 'மெட்ராஸ் சாப்பர்' என்று வீட்டில் சொல்வார்கள்; ராணுவத்தின் பொறியாளர் படை அது. தேடல் பெட்டியில் மெட்ராஸ் என்று போட்டால் முதல் போரில் இறந்தவர் கிடைக்கமாட்டார். காரணம், அந்தக் காலத்தில் அந்தப் படையின் அதிகாரப்பூர்வப் பெயர் 'இரண்டாம் குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'. மெட்ராஸ் என்ற சொல்லே அதில் இல்லை. இரண்டாம் போருக்கு வரும்போது மெட்ராஸ் சேர்ந்துவிடுகிறது. காலாட்படையிலும் இதே கதை: 63-ஆம் பாளம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி, 83-ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, 73, 75, 79, 80, 86, 88 என்ற எண்களில் கர்னாட்டிக் இன்ஃபன்ட்ரிகள், 61, 64, 81 என்ற எண்களில் பயனியர்கள், அதாவது சாலை போடுவது, பதுங்குகுழி வெட்டுவது போன்ற வேலையும் செய்த படைகள். எல்லாமே மதராஸ் ராணுவ வழியில் வந்தவை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கிய படையில் 63-ஆம் பாளம்கோட்டாவும் 61-ஆம் பயனியர்களும் இருந்தார்கள். 'ஆப்பிரிக்காவுல செத்தார்' என்று ஒரு தென்மாவட்டக் குடும்பம் சொன்னால் நாங்கள் முதலில் அங்கேதான் பார்ப்போம்.

சிப்பாயாக இல்லாமல் போனவர்களும் உண்டு. சமையல், தண்ணீர் சுமப்பது, டோலி தூக்குவது, கழுதை ஓட்டுவது, ரயில் பாதை போடுவது என்று போனவர்களுக்குப் பதிவேட்டில் 'ஃபாலோயர்', 'பேரர்', 'டிரைவர்', 'லேபரர்' போன்ற பதவிகள் இருக்கும். தொழிலாளர் படை, சப்ளை அண்ட் டிரான்ஸ்போர்ட், ஆர்மி பேரர் கோர் ஆகிய தலைப்புகளைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

தேடும்போது 'இந்தியப் படை', எந்தப் போர், படைப்பிரிவு ஆகிய மூன்றை மட்டும் நிரப்பி, பெயர்ப் பெட்டியைக் காலியாக விடுங்கள். வரும் பட்டியலை அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அதைக் கணினியில் விரித்து, நிதானமாக வாய்விட்டுப் படியுங்கள். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் கண்ணுக்கு அந்நியமாக இருக்கும், வாயால் சொன்னால் பிடிபடும். முனுசாமி என்ற ஒரு பெயருக்கே முனிஸ்வாமி, முனுஸ்வாமி, மூனிசாமி என்று வடிவங்கள் உண்டு. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஓரிடத்தில் 'ஐ', ஓரிடத்தில் 'ஒய்'. பழைய பதிவுகளில் சாமி என்பதைச் 'சாமி', 'ஸ்வாமி', 'சாவ்மி' என மூன்று விதமாகவும் எழுதியிருப்பார்கள். சவரிமுத்து 'ச'வில் தொடங்கலாம், 'சௌ'வில் தொடங்கலாம். தலைப்பெழுத்து அநேகமாக இருக்காது. பெயர் முழுவதும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் விழுந்திருக்கும். சில இடங்களில் ஒரே பெயரை இரண்டாக வெட்டி 'முனி' ஒரு கட்டத்திலும் 'சாமி' இன்னொன்றிலும் போட்டிருப்பார்கள்.

ஒரே படையில் ஐந்து கோவிந்தசாமிகள் வந்தால் யார் நம்மவர்? 'கூடுதல் தகவல்' என்ற கட்டத்தைப் பாருங்கள். இன்னாரின் மகன், இன்னாளின் கணவர், இன்ன ஊர், இன்ன தாலுக்கா என்று அதில் இருக்கும். எல்லோருக்கும் இருக்காது, ஆனால் இருந்தால் சந்தேகமே இல்லாமல் முடிந்துவிடும். அந்தக் கட்டத்தையும் தனியாகத் தேடலாம், ஊர்ப் பெயரைப் போட்டே தேடலாம். அன்றைய மாவட்டம்தான் அதில் இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் அன்றைக்கு வட ஆற்காடு. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம். நாமக்கல் முதல் போரின்போது திருச்சி, இரண்டாம் போரின்போது சேலம். செங்கல்பட்டைச் 'சிங்கிள்புட்' என்றும், திருச்சியை 'டிரிச்சினாபொலி' என்றும், நெல்லையைத் 'தின்னவேலி' என்றும் எழுதியிருப்பார்கள். படை எண் பொருந்துகிறதா என்று பதக்கத்தோடு ஒப்பிடுங்கள். எண் ஒரு படைப்பிரிவுக்குள் மட்டுமே தனித்தது. வேறு படையில் அதே எண் இன்னொருவருக்கு இருக்கும். எண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

பதிவு கிடைத்ததும் பக்கத்தின் கீழே வரை போய்ப் பாருங்கள். கல்லறைப் பதிவுப் படிவம், உடலை வேறிடத்துக்கு மாற்றிய படிவம், நினைவுச் சுவர்ப் பட்டியல் ஆகியவற்றின் ஸ்கேன் பிரதிகள் சிலருக்கு இணைந்திருக்கும். தட்டச்சுப் பக்கத்தில் பேனாவால் செய்த திருத்தங்களை விடாதீர்கள், எழுத்துப்பிழையை அன்றே யாரோ கவனித்திருக்கிறார்கள். அவர் இறந்த நாளில் படை எங்கே இருந்தது என்று தெரிய வேண்டுமானால், பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் படைகளின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. முதல் போருக்கு 'டபிள்யூ.ஓ. 95' என்ற வரிசை, இரண்டாம் போரில் தென்கிழக்கு ஆசியக் களத்துக்கு 'டபிள்யூ.ஓ. 172'. நாட்குறிப்பில் நம் ஆளின் பெயரை எதிர்பார்க்க வேண்டாம். அதிகாரிகளுக்குப் பெயர் எழுதுவார்கள், சிப்பாய்களுக்கு 'ஐ.ஓ.ஆர். 2 பேர் பலி' என்று எண்ணிக்கை மட்டும் ('ஐ.ஓ.ஆர்.' என்றால் 'இந்தியன் அதர் ரேங்க்ஸ்', அதிகாரி அல்லாத இந்தியச் சிப்பாய்கள்). அந்த இரண்டு பேரில் ஒருவர் இவர் என்று தேதியை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். படிக்கும்போது மனசு கனக்கும், ஆனாலும் ஆறு எது, மலை எது, காலையா இரவா என்று குடும்பத்துக்குத் தெரியவருவது இதிலிருந்துதான்.

பெயர் கிடைத்ததும் எல்லோரும் கேட்பது "கல்லறை எங்கே?" என்று. இந்துச் சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் கல்லறை கிடையாது. முடிந்த இடத்தில் எரியூட்டினார்கள். அவர்கள் பெயர் எரியூட்டு நினைவிடங்களில் இருக்கும். உடல் கிடைக்காதவர்களின் பெயர் பெரிய நினைவுச் சுவர்களில் இருக்கும். கிறிஸ்தவ, முஸ்லிம் சிப்பாய்களுக்குத்தான் தனிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். பர்மாவில் இறந்தவர்களுக்கு யாங்கூனுக்கு வடக்கே சுமார் 35 கி.மீ. தொலைவில் தாவுக்யான் போர்க் கல்லறை. அங்கேயுள்ள ரங்கூன் நினைவிடத்தில் ஏறக்குறைய 27,000 பெயர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எரியூட்டு நினைவிடமும் அதே வளாகத்தில். நடுமண்டபத்தில் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி என ஐந்து வரிவடிவங்களில் வாசகம் இருக்கிறது. தமிழில் இல்லை. சிங்கப்பூரில் கிராஞ்சி போர்க் கல்லறை: தூண்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள்; அதற்கு நேர் பின்னால் எரியூட்டு நினைவிடம், ஏறத்தாழ 800 பேர். முன்னால் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் இல்லை என்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு, பின்பக்கமும் போக வேண்டும். பிரான்சில் இறந்து கல்லறை தெரியாதவர்களுக்கு நவ் ஷப்பெல் நினைவிடம், 1927-இல் திறந்தது, 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினர்.

மெசபடோமியா மட்டும் வேறு மாதிரி. பாஸ்ரா நினைவிடம் 1929-இல் திறந்தபோது பிரிட்டிஷ் படையினரும் இந்திய அதிகாரிகளும் பெயரோடு பொறிக்கப்பட்டார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைவாரியாக எண்ணிக்கையாக மட்டும் நின்றார்கள், பெயர்கள் புத்தகத்தில்தான். உயிரைக் கொடுத்தவனுக்குக் கல்லில் நாலு எழுத்து இடமில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இந்தப் பாகுபாட்டை ஆணையமே 2021 ஏப்ரலில் தன் விசாரணை அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை, அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள் என்றது அறிக்கை. நினைவிடத்தை 1997-இல் சதாம் உசேன் ஆட்சியில் பெயர்த்து, நசிரியா போகும் சாலையில் 32 கி.மீ. தள்ளி வைத்துவிட்டார்கள். அங்கே நேரில் போகச் சொல்லி யாருக்கும் நாங்கள் ஆலோசனை தருவதில்லை. ஆணையத்தின் இணையப் பதிவில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், சான்றிதழ் வடிவில் அச்செடுத்துக்கொள்ளலாம்.

நேரில் போகிறவர்கள் பதிவில் உள்ள இட எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். கிராஞ்சியில் அது 'காலம்' எண், ரங்கூனில் 'ஃபேஸ்' எண், நவ் ஷப்பெல்லில் 'பேனல்' எண். பெயர்கள் படைப்பிரிவு, பதவி, பிறகு அகரவரிசை என்ற ஒழுங்கில் இருக்கும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படமெடுத்தால் எழுத்து நிழலோடு எழுந்து வரும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. எழுத்து தெரிய மாவு, சாக்கட்டி, விபூதி எதையும் கல்லில் தேய்க்க வேண்டாம். சுத்தமான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றினால் போதும். விளக்கேற்ற நினைத்தால் எண்ணெய் கல்லில் சிந்தாமல் தட்டில் வைத்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள், எண்ணெய்க்கறை போகாது. சொந்த ஊர் மண்ணைக் கொண்டுபோய்த் தூவ எல்லோருக்கும் ஆசை இருக்கும். பல நாடுகளில் வெளிமண்ணுக்குத் தடை உண்டு, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். அங்கிருந்து மண் எடுத்துவரவும் இந்தியாவில் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகள் இடம் தருவதில்லை. பூவும், ஒரு வெள்ளைத் துணியும், அவர் படத்தின் பிரதியும் போதும்.

பதிவில் பெயரோ ஊரோ தவறாக இருந்தால் திருத்தக் கேட்கலாம். அதற்கு அன்றைய காலத்து ஆதாரம் வேண்டும்: பதக்க விளிம்பின் படம், குடும்ப ஓய்வூதிய ஆணை, அந்தக் காலத்துக் கடிதம், மரண அறிவிப்பு. பஞ்சாயத்துத் தலைவர் இன்று எழுதித்தரும் சான்று தனியாக நிற்காது. பெயரே இல்லாதவரைச் சேர்க்கக் கேட்பது இன்னும் கடினம். அவர் பணியில் இருந்தது, இறந்தது, தேதி வரம்புக்குள் இறந்தது மூன்றையும் நிரூபிக்க வேண்டும். பணியிலிருந்து விடுபட்டு ஊருக்கு வந்து இறந்திருந்தால், சாவுக்குக் காரணம் ராணுவப் பணிதான் என்பதற்கும் காகிதம் வேண்டும். பழைய பணிப் பதிவுக்குச் சாப்பர் என்றால் பெங்களூரிலுள்ள மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் ஆவண அலுவலகத்துக்கும், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியிலுள்ள வெலிங்டனுக்கும் எழுதுங்கள். எண், பெயரின் எல்லா வடிவங்கள், தந்தை பெயர், அன்றைய மாவட்டம் நான்கையும் ஒரே கடிதத்தில் கொடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் வையுங்கள். ஆணையம் ஏற்றுக்கொண்டால் முதலில் இணையப் பதிவு மாறும், கல்லில் மாற்றம் பிறகுதான். அதற்குள் திருத்திய பதிவை அச்செடுத்து, குடும்பத்தின் எல்லாக் கிளைகளுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.