பத்து நிமிடத்தில் நின்றுவிடும் புல்வெட்டி

குன்னூரில் எங்கள் வீட்டு முன்புறம் கிக்குயூ புல் படர்ந்திருக்கிறது. கோடை மழை இரண்டு முறை பெய்தால் போதும், கணுக்கால் மறைந்துவிடும். அதை வெட்டுவதற்கென்று வைத்திருக்கும் பெட்ரோல் புல்வெட்டி, கடந்த மே மாதம் ஒரு விசித்திரமான பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. கயிற்றை இழுத்ததும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு சத்தம் இரண்டு முறை ஏறி இறங்கி, நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து இழுத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும்.

எஞ்சினுக்குள் பொறி உண்டாக்கும் பிளக்கைத் துடைத்து, அதன் முனை இடைவெளியைச் சரிசெய்தேன், ஏர் ஃபில்டரைத் தட்டினேன், பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். (பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் தர பங்க்கில் மறுத்துவிட்டார்கள்; தகர கேன் வாங்கிக்கொண்டு மறுநாள் போக வேண்டியிருந்தது.) பலன் இல்லை.

முதலில் பார்த்த மெக்கானிக், மலை உயரம்தான் காரணம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். 1,850 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதும், அதனால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில் பெட்ரோல் மிகுந்து பிளக்கில் கரி படியும் என்பதும் உண்மையே. ஆனால் உயரம் முதல் நிமிடத்திலும் அதே உயரம்தானே, பத்தாவது நிமிடத்தில் மட்டும் ஏன் வேலையைக் காட்டுகிறது என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாமவர், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் சூடேறிச் செயலிழக்கிறது என்றார். சூட்டில் நின்று ஆறிய பின் ஓடுவது காயில் பழுதுக்கும் உரிய அறிகுறிதான் என்பதால் நம்பினேன். 1,400 ரூபாய்க்குப் புதிய காயில் போட்டோம். இயந்திரம் பத்தாவது நிமிடத்தில் நின்றது. நின்ற மறுகணமே பிளக்கைக் கழற்றி, பொறி வருகிறதா என்று சோதித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, கோயம்புத்தூர் பயணம். கோடைச் சுற்றுலா சீசனின் ஒருவழிப் போக்குவரத்தால் கோத்தகிரி சுற்றி இறங்க வேண்டும். பாதுகாப்புக்காக டேங்கைக் காலி செய்து, ஜீப்பின் பின்புறத்தில் புல்வெட்டியைப் படுக்க வைத்தேன். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்ப்பரேட்டர் இருக்கும் பக்கம் கீழே போகும்படி படுக்க வைத்தது என் தவறு; வழியெல்லாம் ஆயில் இறங்கி ஏர் ஃபில்டர் ஊறிப்போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் இழுத்ததும் கிளம்பிய வெள்ளைப் புகையைப் பார்த்து, பழுது அதுதான் என்று முடிவு செய்து, ஃபில்டரை மாற்றி, கார்ப்பரேட்டரையும் கழுவினார்கள். பிறகு ஒரு டம்ளர் பெட்ரோல் ஊற்றி இருபது நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள். நிற்கவே இல்லை. 1,900 ரூபாய் கொடுத்துவிட்டு மகிழ்ச்சியோடு மலையேறினேன்.

மறுநாள் காலை டேங்கை நிரப்பி ஓட்டினேன். எட்டாவது நிமிடத்திலேயே நின்றது.

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க எரிச்சலோடு டேங்க் மூடியைத் திருகியபோது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டது. உடனே கயிற்றை இழுத்தேன். கால் மணி நேரக் காத்திருப்பு இல்லாமலே ஓடியது. பக்கத்தில் புல்லை வாரிக்கொண்டிருந்த தோட்ட வேலைக்காரர், “மூடியத் தொறக்குறப்ப எப்பவும் அந்தச் சத்தம் வருதுங்க சார்” என்றார். மூன்று வாரமாக அவரை யாரும் கேட்கவில்லை.

பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போவதற்கு மூடியில் ஒரு நுண்துளை இருக்கும். அது அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் கார்ப்பரேட்டருக்கு இறங்காமல் நின்றுவிடும். ஓய்வில் இருக்கும்போது சிறிது சிறிதாகக் காற்று கசிந்து சமநிலை திரும்புவதால்தான் மறுபடி ஓடியது. சர்வீஸ் சென்டரில் நிற்காததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது: ஒரு டம்ளர் பெட்ரோல் மட்டும் இருந்த டேங்கில் காற்றுக்கு நிறைய இடம் இருந்தது, வெற்றிடம் பெருக நேரம் போதவில்லை. டேங்க் நிறைந்திருந்தால்தான் இந்தப் பழுது விரைவில் தலைகாட்டும். ஆகவே சோதிக்கக் கொடுப்பவர்கள் முழு டேங்கோடு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். புல் தூளும் பனி ஈரமும் சேர்ந்து, துளையின் மேல் பச்சை கலந்த கறுப்புப் பொருக்காக இறுகியிருந்தது. பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ் பின் ஒன்று சமையலறை இழுப்பறையில் கிடைத்தது. இரண்டு குத்தில் வெளிச்சம் தெரிந்தது. (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டில் மட்டும் அந்தப் பின்னை நுழைத்துவிடாதீர்கள், துளை பெரிதாகிவிடும், மெல்லிய செம்புக் கம்பி இழை போதும்.) மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்ப்பதே எளிய சோதனை; சமதரையில், பெட்ரோல் சிந்தாத அளவுக்கு மட்டும், சில நிமிடங்கள் ஓட்டிப் பாருங்கள். புல்வெட்டியின் அடியில் கை வைப்பதற்கு முன் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள்.

அன்று நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடியது. கழற்றிப்போட்ட பழைய காயில் நன்றாகத்தான் இருக்கிறது. புதியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் மறுத்துவிட்டார்.