மேனிஃபோல்டில் மரை போட்ட கதை

போன வருசம் கொல்லிமலை ஏற்றத்தில் என் பிக்கப்பின் மூன்றாவது பிஸ்டன் உருகிப்போச்சு. ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. இழுவைக்காக பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருந்தேன், அதுதான் காரணம். காற்றுக்கு மிஞ்சி டீசல் போனால் சூடு எகிறும். எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் கடைசிவரை அசையவே இல்லை.

எஞ்சின் வேலை முடிந்ததும், எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் மீட்டர் வாங்கினேன். அதன் சென்சார் கே டைப் தெர்மோகப்பிள், அதாவது சூட்டை உணரும் உலோகக் கம்பி; மரை 1/8 என்.பி.டி. என்கிற குழாய் மரை. அதை மாட்ட மேனிஃபோல்டை, அதாவது எல்லா சிலிண்டர் புகையையும் சேர்த்து வெளியே விடும் வார்ப்பிரும்புக் குழாயை, வண்டியில் வைத்தே துளைக்கலாம், எஞ்சினை ஓடவிட்டால் தூள் வெளியே போய்விடும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரு குருணை இரும்பு பட்டாலும் இதழ் போய்விடும். மேனிஃபோல்டைக் கழற்றினேன். அதைப் பிடித்திருந்த துருவேறிய ஸ்டட் போல்ட் இரண்டு முறிந்ததில் அரைநாள் போச்சு.

நாலு சிலிண்டர் புகையும் சேருகிற இடத்தில், டர்போவுக்கு முன்னால் குறித்தேன். டர்போவைத் தாண்டி வைத்தால் ஏற்றத்தில் 100 டிகிரிக்கு மேல்கூடக் குறைத்துக் காட்டும்.

லேத் பட்டறை அண்ணன் பஞ்ச் அடித்து, முதலில் 4 எம்.எம்., பிறகு 8.5 எம்.எம். பிட் போட்டார். வார்ப்பிரும்பு சுருளாக வராது, கரும்பொடியாகக் கொட்டும். விரலில் தேய்த்தால் பென்சில் கரி மாதிரி வழுவழுப்பு. உள்ளே இருக்கிற கிராஃபைட்தான் அது.

மரை வெட்டும் டேப்பை என்னிடம் கொடுத்தார். "அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. அவசரப்பட்டா உள்ளயே முறியும் தம்பி." இது கூம்பு மரை. டேப்பை முழுசாக இறக்கிவிட்டால் ஓட்டை அகன்றுபோய், சென்சாரைப் பிடிக்கும் ஃபிட்டிங் இறுகவே இறுகாது. அதனால் கொஞ்சம் வெட்டுவது, தூளை ஊதுவது, ஃபிட்டிங்கைக் கையால் திருகிப் பார்ப்பது என்று ஐந்தாறு தடவை. கையால் மூன்று சுற்று போய் நின்றதும் நிறுத்திவிட்டேன். மீதியை ஸ்பேனர் பார்த்துக்கொள்ளும். மரையில் காப்பர் கிரீஸ், புதுக் கேஸ்கெட். சென்சார் முனை புகை ஓட்டத்தின் நடுவில் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் மேனிஃபோல்டை ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை லோடோடு காரவள்ளியிலிருந்து ஏறினேன். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. பாதி மலைக்குள் புது மீட்டரின் முள் 680 டிகிரி தொட்டது. என் கணக்கில் 700 தாண்டக்கூடாது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி இரண்டாம் கியருக்கு இறக்கினேன். அடுத்த வளைவு வருமுன் 560. மேலே போய்ச் சேர்ந்ததும் முள் 200க்குக் கீழே வரும்வரை எஞ்சினை ஐடிலில் விட்டு, அப்புறம்தான் சாவியைத் திருப்பினேன்.