ஷவர் தரையும் டைல்ஸும்: தண்ணீரை நிறுத்துவது எது?

கீழ்வீட்டுச் சீலிங்கில் ஓதம் தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் மேல்வீட்டு பாத்ரூமில் டைல்ஸ் இடுக்கைச் சுரண்டி வெள்ளைச் சிமெண்ட் அடைக்கச் சொல்வார்கள். ஈரம் கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி வரும். டைல்ஸ் தண்ணீரை நிறுத்தும் பொருளே இல்லை. இடுக்கை அடைக்கும் சிமெண்ட் கிரவுட் ஈரத்தை உறிஞ்சும், அதன் வழியே தண்ணீர் கீழே உள்ள கலவைக்கு இறங்கும். இறங்கிய தண்ணீர் அங்கிருந்து தரையில் தண்ணீர் வடியும் வாயான டிராப்புக்குள் போகிறதா, தேங்கி நிற்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் அபார்ட்மெண்டுகளில் சாதாரணமாக வரும் 8க்கு 5 அடி பாத்ரூமை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு கோடியில் 3க்கு 5 அடி ஷவர் பகுதி. பழைய கட்டடங்களில் தளம் 8 முதல் 12 அங்குலம் இறக்கிப் போடப்பட்டிருக்கும், அதைத்தான் சங்கன் ஸ்லாப் என்கிறோம். பைப், டிராப் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் ஓடும். மேலே என்ன செய்தாலும், பள்ளத்தின் அடியில் வாட்டர் புரூஃப் இல்லையென்றால் அது ஒரு மூடிய தொட்டி. அதற்குள் உடைந்த பிளாஸ்டர், மரத்துண்டு, மண் என்று கிடைத்ததையெல்லாம் கொட்டி நிரப்புவது பெரிய தவறு. மரம் அழுகும், மண் அமுங்கும், மேல்தளம் இறங்கி டைல்ஸ் விரியும். நனைத்த செங்கல் ஜல்லி அல்லது எடை குறைந்த பிளாக் துண்டுகளைச் சிமெண்ட் கலவையோடு சேர்த்து நிரப்ப வேண்டும்.

எனவே வாட்டர் புரூஃப் இரண்டு முறை: பள்ளத்தின் அடியில் ஒன்று, நிரப்பி வாட்டம் (தண்ணீர் வடியும் சாய்வு) கொடுத்த பிறகு மேலே ஒன்று. முதலில் சுவரும் தரையும் சேரும் மூலையில் 1:3 கலவையால் இரண்டு அங்குலச் சாய்வுப் பட்டை போடுங்கள். செங்கோண மூலையில் பூச்சு மெல்லியதாகி வெடிக்கும், விரிசல் அங்கேதான் தொடங்கும். ஸ்லாபைத் துளைத்து வரும் பைப்பைச் சுற்றிச் சாதாரணக் கலவை வைத்தால் காய்ந்ததும் சுருங்கி மயிரிழை இடைவெளி விடும். அந்த இடத்துக்குச் சுருங்காத கிரவுட்தான் வேண்டும். பிறகு பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு இரண்டு கோட். முதல் கோட்டை ஒரு திசையில் அடித்து, காய்ந்ததும் இரண்டாவதைக் குறுக்காக அடிக்க வேண்டும். மூலைகளிலும் டிராப்பைச் சுற்றியும் ஃபைபர் வலை பதிக்க வேண்டும்.

எவ்வளவு பரப்பு? தரை 40 சதுர அடி. ஷவர் பகுதியின் மூன்று சுவரும் 7 அடி உயரத்துக்கு 77. மற்ற சுவர்களில், கதவை விட்டு, ஓர் அடி உயரத்துக்கு 12 முதல் 13. மேல் பூச்சுக்கு மட்டும் மொத்தம் 130 சதுர அடி. தரையோடு நிறுத்திவிட்டு ஷவர் சுவரை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பின்பக்க அறையின் சுவரில் உப்புப் பூத்துப் பெயிண்ட் உரிவதற்கு அதுவே காரணம்.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு டிராப்பை அடைத்துவிட்டு, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வையுங்கள். ஆவியாகிக் கொஞ்சம் இறங்கும். அதோடு கீழ்வீட்டுச் சீலிங்கையும் போய்ப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு நாள் இல்லை என்று சொல்லும் கான்ட்ராக்டருக்குப் பணத்தை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது வாட்டம். மட்டத்தை வாசலிலிருந்து எடுக்க வேண்டும், டிராப்பிலிருந்து அல்ல. பாத்ரூம் தரை வாசலில் வெளியறையைவிட அரை முதல் ஓர் அங்குலம் கீழே இருக்கட்டும். உலர்ந்த பகுதிக்கு அடிக்கு 1/8 அங்குலம், ஷவர் பகுதிக்கு அடிக்கு 1/4 அங்குலம். டிராப் ஷவரின் மூலையில் இருந்தால் எதிர்மூலை கிட்டத்தட்ட 5.8 அடி தூரம். அதாவது ஒன்றரை அங்குல இறக்கம். இந்தக் கணக்கைப் போடாமல் டிராப்பை முதலில் உயரமாகப் பதித்துவிட்டால், பிறகு கொத்தனார் என்ன செய்தாலும் வாட்டம் கிடைக்காது. கடைசிச் சுவரை ஒட்டி நீள டிரெயின் வைத்தால் ஒரே திசையில் 3 அடிக்கு முக்கால் அங்குலம் போதும், பெரிய டைல்ஸையும் வெட்டாமல் போடலாம். மூலை டிராப்புக்கு இரண்டு திசையிலிருந்தும் சாய்வு வரவேண்டும் என்பதால், சின்ன டைல்ஸ் இல்லையென்றால் குறுக்கு வெட்டுத்தான்.

இந்த வாட்டம் கலவைத் தளத்திலேயே இருக்க வேண்டும், அதன் மேல்தான் இரண்டாவது வாட்டர் புரூஃப். தளத்தைச் சமமாகப் போட்டுவிட்டு டைல்ஸ் ஒட்டும்போது வாட்டம் கொடுத்தால், மேலே ஓடும் தண்ணீர் மட்டும் வடியும். இடுக்கு வழியாக இறங்கியது அப்படியே நிற்கும். குளித்து மூன்று நாளானாலும் இடுக்குகள் கறுத்தே இருக்கும், வாடையும் வரும். பூச்சு டிராப்பின் விளிம்புக்குள் இறங்கி முடிய வேண்டும். டிராப்பில் நீர்ப்பூட்டு, அதாவது வாடை மேலே வராமல் தடுக்க உள்ளே தங்கும் தண்ணீரின் ஆழம், 50 மி.மீ. இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வேலை முடியும்வரை அதன் வாயைச் சாக்கால் அடைத்து வையுங்கள், உள்ளே விழுந்து இறுகிய கலவையை எடுப்பது பெரும்பாடு.

கண்ணாடித் தடுப்புக்குக் கீழே கிரானைட் கட்டை வைப்பதானால், உலர்ந்த பக்கத்துக்குத் தனி டிராப் வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, கழுவிவிட்ட தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். ரெடிமேட் அக்ரிலிக் ஷவர் ட்ரே வாங்குகிறவர்கள் அதன் அடி முழுவதும் கலவைப் படுகையில் உட்காரும்படி பதிக்க வேண்டும். உள்ளீடாக விட்டால் மிதிக்கும்போது வளைந்து, ஓரத்துச் சிலிக்கான் கிழியும். சுவர் டைல்ஸ் ட்ரேயின் விளிம்புக்கு மேலே 3 மி.மீ. இடைவெளி விட்டு இறங்கட்டும், அந்த இடைவெளியில் சிலிக்கான்.

டைல்ஸ் கணக்கு: சுவருக்குச் சுற்றளவு 26 அடி, உயரம் 7 அடி, 182 சதுர அடி. கதவுக்கு 17.5 கழித்தால் 164.5. சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 181. 12க்கு 24 அங்குல டைல்ஸ் 91 வரும். தரைக்கு 12க்கு 12 மேட் ஃபினிஷ் 44. எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பார்த்துவிடுங்கள். ஒட்டிய பிறகு மாற்ற முடியாது. ஒரு பெட்டியை எடுத்தும் வையுங்கள், இரண்டு வருடம் கழித்து அதே டிசைன் கிடைக்காது.

விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது. சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அதைப் பிடிக்காது, சில வருடங்களில் சுவரிலிருந்து கழன்று வரும். அதற்கு டைல் அட்ஹெசிவ்தான். பையில் ஐ.எஸ். 15477 என்று இருக்கிறதா, அந்த வகை டைல்ஸுக்கானதா என்று பாருங்கள். 20 கிலோ பை சுமார் 40 சதுர அடிக்கு வரும், நம் கணக்குக்கு ஐந்தாறு பை. தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றாமல் பையில் சொன்ன அளவில் ஊற்றி, கலந்து ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி கலக்க வேண்டும். பல் கரண்டியால் ஒரே திசையில் வரி இழுத்து, டைல்ஸை அந்த வரிக்குக் குறுக்காக லேசாக நகர்த்தி அழுத்தினால் காற்று வெளியேறும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டும் பழக்கத்தை ஷவர் சுவரில் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பின்னால் உள்ள வெற்றிடத்தில் தண்ணீர் தங்கும், துளை போடும்போது டைல்ஸும் உடையும். மணிக்கு ஒருமுறை ஒட்டிய டைல்ஸ் ஒன்றைப் பெயர்த்துப் பின்பக்கம் முழுதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சுவரில் கீழ் வரிசையை விட்டுவிட்டு, மட்டம் பார்த்து ஒரு சட்டம் அடித்து, இரண்டாவது வரிசையிலிருந்து ஏறுங்கள். தரை போட்ட பிறகு கீழ் வரிசையை வெட்டி வைத்தால், சுவர் டைல்ஸ் தரை டைல்ஸின் மேல் உட்காரும், வழியும் தண்ணீர் இடுக்குக்குள் போகாது. டைல்ஸ் ஏறுவதற்கு முன்பே பைப் லைனில் பிரஷர் டெஸ்ட் முடிந்திருக்க வேண்டும். தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் டைவர்ட்டரின் பிளாஸ்டிக் மூடியில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடு இருக்கும். டைல்ஸ் முகம் அவற்றுக்கு நடுவில் வரவேண்டும். உள்ளே போய்விட்டால் கைப்பிடி பொருந்தாது.

ஒட்டி 24 மணி நேரம் கழித்து கிரவுட். ஷவர் பகுதிக்கு எபாக்ஸி (பிசின் வகை) கிரவுட்டே போடுங்கள். விலை அதிகம்தான், ஆனால் போர் தண்ணீர் உப்புக் கறைக்காக ஆசிட் ஊற்றும் வீடுகளில் சிமெண்ட் கிரவுட்டை அந்த ஆசிட் தின்றுவிடும். எபாக்ஸியைச் சிறிது சிறிதாகக் கலந்து, இறுகுவதற்குள் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். மறுநாள் துடைத்தால் மங்கலான படலம் போகாது. சுவர் மூலைகளிலும், சுவர் தரையைச் சேரும் இடத்திலும் கிரவுட் வேண்டாம். அங்கே இரண்டு பரப்பும் தனித்தனியாக அசையும், பூஞ்சை பிடிக்காத சிலிக்கானே தாங்கும். சிலிக்கான் இழுக்கும்போது இடுக்கு முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு எபாக்ஸி முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும், அதுவரை அந்த பாத்ரூமில் குளிக்க வேண்டாம்.