மொய் நோட்டில் ஒரு நாடகம் பாக்கி

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் நாடகம் போடும் எங்கள் குழு சின்னது. வரவு செலவு, பயணம், போலீஸ் அனுமதி, சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு, மேடை ஏறுவதில்லை. நிதி திரட்ட ஒரு விருந்து வைக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, சென்னையிலிருந்து வந்து போகும் நண்பர் ஒருவர் ராமநாதபுரத்தில் ஓட்டல் ஹால் எடுத்து டிக்கெட் போடச் சொன்னார். நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் நாடகத்தைப் பார்க்கிறவர்கள் தங்கச்சிமடத்திலும் தேவிபட்டினத்திலும் பெரியபட்டினத்திலும் மணலில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள். அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு அவர்கள் பெயரில் ஏன் பணம் திரட்ட வேண்டும்?

எதற்குப் பணம் என்பதைத் தெளிவாகச் சொன்னோம். நடிகர்களுக்குச் சம்பளம், புது விளக்குகள், வேன் வாடகை. 'கலையை வளர்க்க' என்று கேட்டால் தலையாட்டுவார்கள், கொடுக்க மாட்டார்கள். உப்புக்காற்றில் விளக்கின் இணைப்புகளெல்லாம் களிம்பேறிப் போகின்றன என்று சொன்னால் படகு எஞ்சின் வைத்திருக்கிறவருக்கு உடனே புரியும்.

நாள் குறிப்பதில்தான் பெரும்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. அந்த நேரத்தில் போய் மொய் நோட்டை விரிப்பது பாவம். தடை முடிந்த கையோடு கடன் அடைப்பு. ஆடிக் காற்று பந்தலை நிற்க விடாது. புரட்டாசியில் பல வீடுகளில் கவுச்சி ஆகாது. அதற்குப் பிறகு மழை, புயல் எச்சரிக்கை. ஆக, தை பிறக்க வேண்டும். தையிலும் அமாவாசையன்று ராமேஸ்வரம் சாலையில் வண்டி நகராது. மாசிக்குள் தவக்காலம் வந்துவிடும், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகுகள் கிளம்பும். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்து, இப்போது அதே மாதங்களைத் தொடுகிறது. ஜமாத்திலிருந்து ஒருவர், பங்குக் கோயிலிலிருந்து ஒருவர், அம்மன் கோயில் கமிட்டியிலிருந்து ஒருவர் என்று உட்காரவைத்து, ஒரே காலண்டரில் ஆகாத நாட்களை ஆளுக்கொரு மையில் அடிக்கச் சொன்னோம். பொங்கலை ஒட்டி மிஞ்சிய சில நாட்களில் எதை எடுப்பது என்பதை மீன் ஏலம் எடுக்கிற அக்கா ஒருவர் முடித்துவைத்தார். "போட் கரைக்கு வந்த மறுநாள் வையி தம்பி. மீன் வித்த காசு அன்னைக்குத்தான் வீட்டுல இருக்கும், அதுவும் பொம்பளை கையில இருக்கும்." நிதி திரட்டுவது பற்றி இதைவிட நல்ல ஆலோசனையை நான் கேட்டதில்லை.

இந்தக் கரையில் விருந்து என்றால் முதல் செலவு தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் உப்பு. உலை வைக்கவும் குடிக்கவும் லாரியில்தான் வாங்க வேண்டும். அதற்குத்தான் முதலில் முன்பணம் கொடுத்தோம். மற்றதையெல்லாம் பொருளாகக் கேட்டோம். திருவாடானைப் பக்கத்திலிருந்து அரிசி, தங்கச்சிமடம் தோப்பிலிருந்து தேங்காய், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய், கீழக்கரையிலிருந்து தொதல் இனிப்பு. ஆடு ஹலாலாக அறுத்தது என்பதால் எல்லா வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார முடிந்தது. கறி தின்னாதவர்களுக்கு அடுப்பும் பாத்திரமும் தனி. பொருள் தந்தவர்களின் பெயரையும் அன்றைய சந்தை விலையோடு மொய் நோட்டில் ஏற்றினோம். ஒரு மூட்டை அரிசி தந்தவர் ரொக்கம் தந்தவருக்குக் கீழே இல்லை.

மொய் நோட்டு வைத்ததைப் பற்றிக் குழுவுக்குள்ளேயே விவாதம் இருந்தது. கல்யாண வீடா என்று கேட்டார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து என்றே தனியாக வைத்துத் தொழிலுக்கு முதல் திரட்டுகிறார்கள். நம் மாவட்டத்தில் செய்முறை என்றால் குழந்தைக்கும் தெரியும்: வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். நன்கொடையில் ஒரு கை மேலே, ஒரு கை கீழே. மொய்யில் அப்படி இல்லை. இன்று அவர், நாளை நாம். அந்த மரியாதைதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் நாங்கள் பணமாகத் திருப்ப முடியாது. அதனால் நோட்டில் தொகைக்கு எதிரே இன்னொரு பத்தி போட்டு, அந்த ஊருக்கு நாங்கள் செய்ய வேண்டியதை எழுதினோம். ஒரு தெருவுக்கு ஒரு இரவு நாடகம், ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயிற்சி, இப்படி. எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினோம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மொய் நோட்டு வேறு, ரசீது வேறு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது என்பதால் பெரிய தொகைகளை வங்கி வழியாகவே வாங்கினோம். இந்தக் கரையில் கிட்டத்தட்ட வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். துபாயில் இருந்தாலும் இந்தியக் குடியுரிமை இருந்தால் அவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும். அதை வாங்கத் தனிப்பதிவு வேண்டும். எங்களிடம் அது இல்லை. மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட ஒரு மாமா ஆசையாகக் கேட்டார். "வேண்டாம் மாமா, ஊருக்கு வரும்போது நாடகம் பார்த்துட்டுப் போங்க" என்றேன். பணத்தை மறுக்க மனம் வலித்தது; வாங்கியிருந்தால் குழுவே போயிருக்கும்.

ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்கு நிறுத்தியாக வேண்டும். இரவு முழுக்க நாடகம் பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கு அது குறைதான். அவர்களுக்காக சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்திலிருந்து நாரதர் தர்க்கத்தை மட்டும் எடுத்து, பிறகு எங்கள் புது நாடகத்தைப் போட்டோம். பந்தி முதலில், நாடகம் பிறகு. பொன்னாடை, வரவேற்புரை எதுவும் கிடையாது. மேடையில் பேசுகிறவர்களுக்காக நடிகர்களின் நேரத்தை வெட்டுவதை நான் எந்த ஊரிலும் ஒத்துக்கொள்வதில்லை.

அரிசி தந்த ஊருக்கு மாசியிலேயே போய்வந்துவிட்டோம். அறுவடை முடிந்து களம் காலியாக இருந்தது. கடற்கரை ஊர்களின் பாக்கியைத் தடைக்காலத்தில் செய்கிறோம். ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், செலவு செய்யக் காசு இருக்காது, நாடகத்துக்குக் காசும் வேண்டாம். தேவிபட்டினத்துக்கான அனுமதி மனு கொடுத்தாகிவிட்டது. பெரியபட்டினத்தில் பள்ளிக்கூடம் விடுமுறை விடுவதற்குள் பிள்ளைகளின் பயிற்சியை முடிக்க வேண்டும்.