டெட் இரண்டாம் தாள்: ஒரு சணல் கயிறு வாங்கித் தந்த மதிப்பெண்

டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வின் ரிசல்ட் வந்து நான்கு நாள் ஆகிறது. என் மதிப்பெண் 104. இன்னும் கை நடுக்கம் முழுசாகப் போகவில்லை. போன முறை 82 தேவைப்பட்ட இடத்தில் 79 எடுத்து வீட்டுக்கு வந்தேன். சமூக அறிவியலில் இழந்த மதிப்பெண்களில் பாதிக்கு மேல் வரலாற்றில் போனவை. ஏழு வருடமாக ஒரு தனியார் பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளுக்கு வரலாறு நடத்துகிறவள் நான். அந்த 79-ஐவிட அதுதான் வலித்தது.

எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு மாதக்கணக்கில் ஆனது. பாடம் பாடமாக நடத்தினேன், அப்படியேதான் படிக்கவும் செய்தேன். ஏழாம் வகுப்பில் டெல்லி சுல்தானியம் முடிந்தால் விஜயநகரம், அது முடிந்தால் முகலாயர். ஒருவர் போன பிறகு இன்னொருவர் வந்தது போலவே மனதில் பதிந்துவிட்டது. பாபர் 1526-இல் பானிபட்டில் ஜெயித்தபோது விஜயநகரத் தலைநகரான ஹம்பியில் கிருஷ்ணதேவராயர் அரியணையில் இருந்தார் (1509–1529). இதை நான் ஒரு பிள்ளையிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கே தோன்றியதில்லை. காலவரிசைக் கேள்வியில் தலைக்கோட்டைப் போரையும் (1565) இரண்டாம் பானிபட் போரையும் (1556) இடம் மாற்றிப் போட்டுவிட்டு வந்தேன்.

கயிறு யோசனை வகுப்பில்தான் வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கி.மு. புரியவே இல்லை. கி.மு. 261 கலிங்கப் போர், கி.மு. 1900 வாக்கில் சிந்துவெளி நகரங்களின் சரிவு என்றால், எண் பெரிதாக இருக்கிறதே, அதுதானே பிந்தியது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சுவரோரமாக ஒரு சணல் கயிறு கட்டினோம். நூறு ஆண்டுக்கு ஒரு சாண். துணிக் கிளிப்பில் அட்டை. ராஜராஜன் அட்டையை (தஞ்சைப் பெரிய கோயில், 1010) மாட்டிவிட்டு ஒரு சிறுமி சாண் போட்டு எண்ணினாள். அசோகர் பக்கம் பன்னிரண்டு சாணுக்கு மேல், நம் பக்கம் பத்து. “மிஸ், ராஜராஜன் அசோகரைவிட நமக்குத்தான் பக்கமா?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவே வீட்டிலும் ஒரு கயிறு கட்டினேன்.

அதற்கப்புறம் புத்தகத்தை நெடுக்காகப் படிப்பதை விட்டுக் குறுக்காகப் படித்தேன். ஓர் ஆண்டு, அந்த நேரத்தில் வடக்கில் யார், தெற்கில் யார். எனக்கு மறக்காமல் நின்றவை:

- 1025 வாக்கில்: கஜினி மாமூது சோமநாதபுரத்தில், ராஜேந்திரனின் கடற்படை கடாரத்தில்.
- 1761 ஜனவரி: 14-இல் மூன்றாம் பானிபட்டில் மராத்தியர் தோல்வி. 16-இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்கு. இரண்டே நாள் இடைவெளி! ஒன்று ஏழாம் வகுப்பில், இன்னொன்று எட்டாம் வகுப்பில் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.
- 1799: மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு வீழ்ந்தார். அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

கூற்று–காரணம் கேள்விகளுக்கும் இதே கயிறுதான். காரணம் விளைவுக்கு முந்தியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1806 வேலூர்ப் புரட்சிக்குக் கொழுப்பு தடவிய தோட்டா காரணம் என்று போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அது 1857. வேலூரில் பிரச்சினை புதிய தலைப்பாகை, சமயக் குறி, தாடி. ஆண்டு தெரிந்தால் பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

கைடு பற்றி ஒரு வார்த்தை. முதல் முறை ஒரு பயிற்சி மையத்தின் குறிப்பை நம்பி மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன். ஆண்டுகள் சில இடங்களில் பாடப்புத்தகத்துக்கு எதிராகவே இருந்தன. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. பாடப்புத்தகத்தை மட்டும் எடுங்கள். 6, 7, 8 வரிவிடாமல், 9, 10 அதற்குப் பிறகு. பெட்டிச் செய்திகளையும் விட்டுவிடாதீர்கள்.

மற்றவை, சுருக்கமாக:

- குழந்தை மேம்பாடும் கற்பித்தலும்: தினமும் ஒரு மணி நேரம். இதில் வரும் 30 கேள்வியை விட்டுவிடாதீர்கள்.
- தமிழில் எனக்குப் பயமில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆங்கிலத்துக்குப் பழைய வினாத்தாள்.
- நெகட்டிவ் மார்க் கிடையாது. ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.
- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. பேச்சில் நேரம் போய்விடும். தனியாகப் படித்து, மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்ப்பேன். அவர்கள் முகம் சுருங்கினால் எனக்கும் புரியவில்லை என்று அர்த்தம்.
- அட்டையை நீங்களே எழுதுங்கள். அச்சடித்த காலக்கோடு சுவரில் ஒட்டினேன், ஒரு வாரத்தில் கண்ணில் படாமல் போனது.

கயிறு நைலானில் வேண்டாம், கிளிப் வழுக்குகிறது. சணல் போதும். சிந்துவெளியில் இருந்து தொடங்கினால் நாற்பத்தைந்து சாணுக்கு மேல் போகும், ஒரு சுவர் போதாது. பின்சுவருக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.